எந்தக் கையால் சுடுவது? கைத்துப்பாக்கி பழகத் தொடங்கும் கொழும்புவாசிகளுக்கு

சுடுதல் கழகத்தில் சேர்ந்த முதல் நாளே, மேசையில் கைத்துப்பாக்கியை வைத்துவிட்டு “வலமா, இடமா?” என்று கேட்பார்கள். பெரும்பாலானோர் யோசிக்காமல் வலது என்று சொல்வார்கள். பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர் என்பதால் அந்தப் பதில் அநேகமாகச் சரியாகவே இருக்கும். இந்தக் கட்டுரை, பதில் சொல்லத் தயங்குகிறவர்களுக்கானது: எழுதுவது வலக்கை, பாரம் தூக்குவது இடக்கை என்று இருப்பவர்கள், கை வலது, குறிபார்க்கும் கண் இடது என்று இருப்பவர்கள், பழைய எலும்பு முறிவாலோ தோள் வலியாலோ பழகிய கையில் பலம் குறைந்தவர்கள்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆட்காட்டி விரல் எந்தக் கையில் சொன்னபடி கேட்கிறதோ, அந்தக் கையால் சுடுங்கள். கண் மாறியிருந்தால் அதற்கு வழி இருக்கிறது. பலம் குறைந்திருந்தால் சில மாதங்களில் வளர்த்துக்கொள்ளலாம். பலமான கை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கையைத் தேர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விதிவிலக்குகள் இரண்டு உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே நான் பேசுவது 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியைப் பற்றி. புதியவர்கள் பொதுவாக அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்; கை பற்றிய கேள்வி கூர்மையாக எழுவதும் அதில்தான். காரணம், சர்வதேச விதிப்படி அதை ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். மற்றக் கை தொடவே கூடாது. மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கொடுக்கக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்துச் சுடும் முறைகளில் துப்பாக்கி முகத்துக்கு நேரே வந்துவிடும். அங்கே கண் மாறியிருப்பதை அரை அங்குலம் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இலங்கையில் துப்பாக்கிகளை 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. அனுமதிப்பத்திர விடயங்கள் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கின்றன. காற்றில் இயங்குவதுதானே என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கழகத்தில் சேருங்கள், கழகத்தின் துப்பாக்கியில் பழகுங்கள், அனுமதி பற்றி அங்கேயே கேளுங்கள். கீழே வரும் வீட்டுச் சோதனைகள் எதற்கும் துப்பாக்கி தேவையில்லை. பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். வெள்ளவத்தையில் மாடிவீட்டு பல்கனியில் நின்று துப்பாக்கி வடிவத்தில் எதையாவது நீட்டிப் பிடித்தால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பதை, சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும்.

முதற்படி: எந்தக் கண் முந்துகிறது

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, குறிவைக்கும் வேலையை மூளை ஒரு கண்ணிடமே கொடுக்கிறது. அதை முதன்மைக் கண் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு பங்கினருக்கு அளவில் அது வலக்கண். பார்வைக் கூர்மைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை நன்றாக வாசித்த கண்தான் முதன்மைக் கண் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மொட்டைமாடிக்குப் போங்கள். தாமரைக் கோபுரம் தெரிந்தால் நல்லது. 350 மீற்றர் உயரம் என்பதால் நகரின் பல பகுதிகளிலிருந்து தெரியும். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்து, பெருவிரல்களுக்கு நடுவே ஒரு சிறு துளையை உண்டாக்குங்கள். இரு கண்ணும் திறந்தபடி, கோபுரத்தின் மொட்டுப் பகுதி அந்தத் துளைக்குள் தெரியும்படி பிடியுங்கள். இப்போது இடக்கண்ணை மூடுங்கள். மொட்டு துளைக்குள்ளேயே இருந்தால் வலக்கண் முதன்மையானது, மறைந்துவிட்டால் இடக்கண். கைகளை மெல்ல முகத்தை நோக்கி இழுத்துப் பார்த்தாலும் துளை தானாகவே ஒரு கண்ணிடம் போய்ச் சேரும்.

இதை ஒரு தடவை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். காலையில் ஒரு தடவை, களைத்து வேலையால் வந்த மாலையில் ஒரு தடவை, கண்ணாடி அணிபவரானால் அணிந்தும் அணியாமலும். தலையை நேராக வைத்துப் பாருங்கள். பிறகு உடலைப் பக்கவாட்டில் திருப்பி, சுடும்போது நிற்பதுபோல் தோளுக்கு மேலால் பார்த்தும் செய்யுங்கள். பார்வை பக்கவாட்டில் போகும்போது சிலருக்கு முதன்மை மற்றக் கண்ணுக்கு மாறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே கண் வந்தால் அது பலமான முதன்மை. மாறி மாறி வந்தால் உங்கள் முதன்மை மெலிது. அப்படியானால் கண் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்தது. கை எது சொல்கிறதோ அதன்படி நடக்கலாம்.

நாற்பது கடந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கை நீட்டிய தூரத்தில், குழலின் முனையில் இருக்கும் முன்குறியைத் தெளிவாகக் காண்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை. வாசிக்கும் கண்ணாடியில் அது மங்கும், தூரக் கண்ணாடியிலும் மங்கும். கண் வைத்தியரிடம் போகும்போது, கண்ணிலிருந்து முன்குறி வரையான தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முதன்மைக் கண்ணில் வெண்படலம் போன்ற குறை இருந்தால், கையைத் தேர்வதற்கு முன்னரே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: உங்கள் கை உண்மையில் எது

இது சுலபமான கேள்விபோலத் தோன்றும். நம் வீடுகளில் அப்படியல்ல. இடக்கையால் சோற்றைத் தொட்ட குழந்தையின் கையைத் தட்டிவிட்டு வலக்கையில் எடுத்துக் கொடுக்காத பாட்டி அபூர்வம். ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் ‘அ’ எழுத வைப்பதும் வலக்கை விரலைப் பிடித்துத்தான். ஆகவே சாப்பிடும் கை, எழுதும் கை இரண்டும் உங்கள் இயல்பைக் காட்டும் சான்றுகள் அல்ல; வளர்ப்பைக் காட்டும் சான்றுகள். சிறுவயதில் மாற்றப்பட்ட இடக்கைக்காரர்கள் பலர், தாங்கள் இடக்கைக்காரர் என்பதே தெரியாமல் கழகத்துக்கு வந்து, வலக்கையில் துப்பாக்கியைப் பிடித்துத் தடுமாறுகிறார்கள்.

யாரும் திருத்தாத வேலைகளைப் பாருங்கள். ஊசியில் நூல் கோர்க்கும்போது நூலைப் பிடிப்பது எந்தக் கை? இருட்டில் பூட்டுக்குச் சாவி போடுவது? கல் எறிவது? ஆணி அடிப்பது? கைத்தொலைபேசியை ஒற்றைக் கையால் பிடித்து அதே கைப் பெருவிரலால் தட்டுவது? நெருக்கியடிக்கும் 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க எந்தக் கை தானாகவே உயர்கிறது? முதல் இரண்டும் நுட்பத்தைச் சொல்பவை. கடைசி பலத்தைச் சொல்வது. எல்லாம் ஒரே கையில் வந்தால் நான்காம் படியைத் தாண்டிப் போகலாம். நுட்பம் ஒரு கையிலும் பலம் மறு கையிலும் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

இப்படிப் பிரிந்திருப்பது குறையே அல்ல. குமார் சங்கக்கார இடக்கைத் துடுப்பாட்டக்காரர். பந்து எறிவது வலக்கையால். அர்ஜுன ரணதுங்கவும் அப்படியே. துடுப்பாட்டத்தில் இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வதால் அந்தப் பிரிவு அவர்களுக்கு இடைஞ்சலாகவில்லை. ஒற்றைக் கையால் சுடும்போது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: பலம் எவ்வளவு வேண்டும்

விதி அனுமதிக்கும் உச்ச எடை 1500 கிராம். நடைமுறையில் போட்டித் துப்பாக்கிகள் ஒரு கிலோகிராமை ஒட்டியே இருக்கின்றன. அதனால்தான் ஒரு லீற்றர் போத்தல். போத்தலின் கழுத்தைப் பிடித்து, கையை மடக்காமல் தோள் உயரத்துக்கு உயர்த்துங்கள். பத்து விநாடி நிறுத்துங்கள். இறக்குங்கள். முப்பது விநாடி ஓய்வு. மறுபடி. ஒரு கையில் இருபது தடவை செய்துவிட்டு, அடுத்த நாள் மறு கையில் செய்யுங்கள்.

எத்தனை விநாடி தாங்கினீர்கள் என்பதைக் கணக்கெடுக்க வேண்டாம். ஒரு சூட்டுக்குக் கை உயர்ந்து இறங்க எடுக்கும் நேரம் பெரும்பாலும் பத்து விநாடியைச் சுற்றியே இருக்கும். அதற்குமேல் இழுத்தால் அனுபவசாலிகளே சுடாமல் கையை இறக்கிவிடுவார்கள். ஆகவே ஒரு நிமிடம் தூக்கிப் பிடிக்கும் பலசாலித்தனம் இங்கே செல்லாது. கவனிக்க வேண்டியது நடுக்கத்தை. போத்தலுக்குள் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், போத்தலை முக்கால்வாசிக்கு நிரப்பினால் நன்றாகத் தெரியும். மூன்றாவது, நான்காவது விநாடியில் மட்டம் அமைதியடைகிறதா? இருபதாவது தடவையிலும் அப்படி அடைகிறதா? பலமான கையின் மட்டம் பலவீனமான கையைவிடக் கூடுதலாகக் குலுங்குவதும் உண்டு. பாரம் தூக்கிப் பழகிய கை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கம் நடுக்கத்தைக் கூட்டும்.

போட்டியில் 60 சூடு, 75 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் ஆயத்தத்துக்கும் பரீட்சார்த்தச் சூட்டுக்கும். சுடாமல் இறக்கிய தடவைகளையும் சேர்த்தால் ஒரு கை ஒன்றரை மணி நேரத்தில் நூறு தடவைக்குக் கிட்ட உயர்ந்து இறங்கும். இது தோள்பட்டைத் தசையின் பொறுமையைக் கேட்கும் வேலை, அந்தப் பொறுமை பயிற்சியால் வருவது. பலவீனமான கைக்கு வாரத்தில் நான்கு நாள் இதே போத்தல் பயிற்சியைக் கொடுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தோள் மூட்டுக்குள் வலி வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

நான்காம் படி: விரல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஏன் என்பதை எண்களால் காட்டுகிறேன்.

10 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் அகலம். கறுப்பு வட்டம் முழுவதும் 59.5 மில்லிமீற்றர். உங்கள் கை மேலும் கீழும் பக்கமும் 5 மில்லிமீற்றர் அசைகிறது என்று வையுங்கள். துப்பாக்கி கோணம் மாறாமல் அப்படியே அசைந்தால், சன்னமும் 5 மில்லிமீற்றரே விலகும். பத்து தப்பாது, மிஞ்சினால் ஒன்பது.

இப்போது விசையை இழுக்கும் விரல் சற்றே பக்கவாட்டில் தள்ளி, துப்பாக்கியின் மூக்கு திரும்பிவிடுகிறது என்று வையுங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் சுமார் 33 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்தில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றரில் சன்னம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் விலகும். அதாவது கறுப்பின் விளிம்பு, ஏழு புள்ளி. கை முழுதும் 5 மில்லிமீற்றர் ஆடியதற்கு மிஞ்சினால் ஒரு புள்ளி நட்டம், விரல் ஒரு மில்லிமீற்றர் பிசகியதற்கு மூன்று புள்ளி நட்டம். பலமான கையைவிட நுட்பமான கை மேல் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான்.

சோதிக்கச் சமையலறையில் இருக்கும் மின்தராசை எடுங்கள். போட்டி விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் இழுவையைத் தாங்க வேண்டும். தராசைச் சுவரில் சாய்த்துப் பிடிக்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேசையிலேயே வையுங்கள். மற்ற விரல்களால் ஒரு பேனையையோ உருளைக் கட்டையையோ இலேசாகப் பிடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலின் முதற்கணு மெத்தையால் மட்டும் தராசை அழுத்துங்கள். 300, 400, 500 என்று எண் ஏறட்டும். 500இல் ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். மெல்ல விடுங்கள்.

எண்கள் படிப்படியாக ஏறுகின்றனவா, 250இலிருந்து 700க்குத் தாவுகின்றனவா? அழுத்தும்போது நடுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து இறுகுகின்றனவா? பேனை அசைகிறதா? இரண்டு கையிலும் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி, 500 என்று தோன்றும்போது நிறுத்திக் கண்ணைத் திறந்து எண்ணைப் பார்ப்பது இன்னும் கடினமான சோதனை. வீணை, வயலின், மிருதங்கம் பழகியவர்கள் இதில் இரண்டு கையிலும் நன்றாகச் செய்வார்கள். கொழும்பில் அப்படிப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வயலின்காரரின் இடக்கை விரல்கள் தனித்தனியே இயங்கப் பழகியவை என்பதால், எழுதும் கையை இடக்கை வெல்லவும் கூடும். முடிவைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம்.

ஐந்தாம் படி: சுடுதளத்தில்

வீட்டுச் சோதனைகள் ஊகத்துக்கு மட்டும். முடிவு தாளில் இருக்கிறது.

முதலில் பாதுகாப்பு: துப்பாக்கியின் குழல்வாய் எப்போதும் இலக்குத் திசையில், குறிவைத்து முடியும் வரை விரல் விசைக்கு வெளியே, கட்டளை வரும்வரை சன்னம் ஏற்றாமல். கை மாற்றும்போது துப்பாக்கியைக் காற்றில் கைமாற்றாதீர்கள். மேசையில் வைத்து, கையை எடுத்து, மறு கையால் எடுங்கள். சன்னம் ஈயம், முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே வடையைத் தொடலாம்.

பயிற்றுநரிடம் சொல்லி, இலக்குத்தாளைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வளையம் இல்லாத வெள்ளைத்தாள். புள்ளி தெரிந்தால் மனம் புள்ளியின் பின்னால் ஓடும். வலக்கையால் ஐந்து சூடு, புதுத்தாள், இடக்கையால் ஐந்து. மறுபடி வலம், மறுபடி இடம். ஒரே நாளில் முழுதும் முடிக்காமல் வேறு வேறு நாட்களில் செய்யுங்கள். ஒரு நாள் இடக்கையில் தொடங்குங்கள். களைப்பு எப்போதும் ஒரே கைக்குப் போய்ச் சேரக் கூடாது.

கழகத்துப் பிடிகள் பெரும்பாலும் வலக்கைக்கு வார்க்கப்பட்டவை. பெருவிரலுக்கான மேடையும் உள்ளங்கைத் தட்டும் மறுபக்கம் இருக்கும். அதில் இடக்கையை வைத்துச் சுட்டுவிட்டு “இடக்கை சரிவராது” என்று முடிவுகட்டினால், வலது செருப்பை இடது காலில் போட்டு நடந்துவிட்டுக் காலைக் குறைசொல்வதற்குச் சமம். இடக்கைப் பிடியோ இரு கைக்கும் பொதுவான பிடியோ கிடைக்கும் வரை காத்திருங்கள். கிடைக்காவிட்டால் விரலின் உணர்வை மட்டும் கவனியுங்கள், தாளை நம்பாதீர்கள்.

தாளில் பார்க்க வேண்டியது துளைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை. நடுவில் இருக்கின்றனவா என்பதை அல்ல. நடுவுக்குக் கொண்டுவருவது பின்குறியின் திருகாணி செய்யும் வேலை. துளைகள் மேலும் கீழுமாகப் பரந்திருந்தால் தோளின் பொறுமையும் மூச்சும் காரணமாகலாம்; அது பலத்தின் பக்கம். பக்கவாட்டில் பரந்திருந்தால் அநேகமாக விரலும் பிடியும். நான்கு துளை நெருக்கமாகவும் ஒன்று மாத்திரம் எங்கோ போயும் இருந்தால், அந்த ஒன்றைச் சுட்டபோது என்ன நடந்தது என்று யோசியுங்கள். விசை விடுபடப்போகும் தருணத்தை எதிர்பார்த்துக் கை துடித்திருந்தால், அதைக் கையின் குறையாகக் கணக்கிட வேண்டாம். புதியவர்கள் எல்லோருக்கும் அது வரும்.

ஆறாம் படி: முடிவெடுப்பது

நுட்பமும் கண்ணும் ஒரே பக்கம், பலம் மறுபக்கம்: யோசிக்கவே வேண்டாம். நுட்பமான கை. பலத்தைப் போத்தலால் ஏற்றுங்கள்.

நுட்பமும் பலமும் ஒரு பக்கம், கண் மறுபக்கம்: கையை மாற்றாதீர்கள். நீள்துப்பாக்கிக்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. ரைபிளின் கட்டை கன்னத்தில் ஒட்டியிருப்பதால் வலத்தோளில் வைத்துவிட்டு இடக்கண்ணால் பார்க்க வழியில்லை. அங்கே கண் சொல்லும் பக்கத்துக்குத் தோளை மாற்றுவது வழக்கம். கைத்துப்பாக்கி முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறது. இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரமே ஆறு சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். அந்த இடைவெளியைத் தாண்டத் தலையைச் சிறிது திருப்பினால் போதும்.

நுட்பம் ஒரு பக்கம், கண்ணும் பலமும் மறுபக்கம்: இதுதான் கடினமானது. வலக்கையால் நூல் கோர்க்கிறீர்கள், இடக்கண் பலமாக முந்துகிறது, இடக்கைப் போத்தல் அசையாமல் நிற்கிறது. தாள்கள் தெளிவாக ஒன்றைச் சொன்னால் தாளைக் கேளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், பெரியவர்களுக்கு நுட்பமான கையைச் சொல்வேன். இதிலேயே முதல் விதிவிலக்கும் வருகிறது: பதின்மூன்று பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அவர்களின் விரல் எதையும் விரைவாகக் கற்கும், பாடசாலைக் காலம் முழுவதும் முன்னால் இருக்கிறது. அவர்களைக் கண் இருக்கும் பக்கத்துக்கு மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. பிள்ளையின் சம்மதத்தோடு, அப்பாவின் சம்மதத்தோடு மட்டும் அல்ல.

இரண்டாவது விதிவிலக்கு, காயம். மூட்டு நழுவிய தோள், முறிந்து சரியாகப் பொருந்தாத மணிக்கட்டு, வைத்தியர் பாரம் தூக்க வேண்டாம் என்று சொன்ன கை. அங்கே நுட்பத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நல்ல கைக்கு மாறுங்கள். ஹங்கேரி இராணுவத்தைச் சேர்ந்த கரோலி தகாச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கையில் படுகாயமடைந்தார். அந்தக் கையால்தான் அதுவரை சுட்டு வந்தார். இடக்கையால் மறுபடி பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 25 மீற்றர் விரைவுக் கைத்துப்பாக்கியில் தங்கம் வென்றார். இந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை உசுப்பேற்றும் பழக்கம் எனக்கு இல்லை. விபத்துக்கு முன்னரே அவர் தேர்ந்த சுடுவீரர்; குறியைப் பார்ப்பது எப்படி, எப்போது சுடாமல் இறக்குவது என்பதெல்லாம் அவருக்கு முன்பே கைவந்தவை. இடக்கை கற்க வேண்டியிருந்தது மிச்சத்தை மட்டும். உங்களுக்கு இரண்டு கையும் புதிது என்றால், மாறுவதால் நீங்கள் இழப்பது அவரைவிடக் குறைவு.

ஏழாம் படி: மாறிய கண்ணோடு வாழ்வது

வலக்கை, இடக்கண் என்று முடிவானவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, வலக்கண்ணாலேயே குறிவைப்பது. இடக்கண்ணை இறுக மூடாதீர்கள். முகத்தசை களைக்கும், திறந்த கண்ணும் சேர்ந்து சுருங்கும். மூக்குக்கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் பால்நிற ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். வெளிச்சம் வரும், உருவம் வராது. கறுப்புத் துணியால் மறைக்க வேண்டாம். ஒரு கண்ணுக்கு இருட்டானால் மற்றக் கண்ணின் மணியும் விரியும். போட்டிகளிலும் கண்மறைப்பு அனுமதிக்கப்பட்டதே. முன்மறைப்பின் அகலம் 30 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. முதன்மை மெலிதாக உள்ளவர்களுக்கு இந்த ஒட்டுநாடாவே போதுமான வைத்தியம்.

இரண்டாவது வழி, இடக்கண்ணாலேயே குறிவைப்பது. முதன்மை மிகப் பலமாக இருப்பவர்களுக்கும், வலக்கண் பார்வை குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும். வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கப்படும் நிலையில் உடல் இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அப்படி நின்றுகொண்டு இடக்கண்ணைக் குறிக்குக் கொண்டுவரத் தலையை அளவுக்கு மீறித் திருக வேண்டிவரும். மூக்குத்தண்டும் கண்ணாடிச் சட்டகமும் குறுக்கே நிற்கும். ஆகவே பாதங்களைத் திறந்து நில்லுங்கள். நெஞ்சு இலக்கைக் கூடுதலாக நோக்கட்டும். தலையைத் தோளில் சாய்க்காமல், நிமிர்ந்தபடி சிறிது வலப்பக்கம் திருப்பினால் இடக்கண் குறிக்கு நேரே வந்துவிடும். அடுத்தது மணிக்கட்டு. குறி கண்ணுக்கு நேராக வர மணிக்கட்டை வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், அந்த வளைவு நாற்பதாவது சூட்டில் தளரும். போட்டித் துப்பாக்கிகள் பலவற்றின் பிடியைச் சில பாகை திருப்பிப் பொருத்த முடியும். பயிற்றுநரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள். நீங்களே திருகாணியைத் தொடாதீர்கள், அது கழகத்தின் துப்பாக்கி.

இரு கண்ணையும் திறந்து எதையும் மறைக்காமல் சுடலாமா என்றும் கேட்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் திகேச் அப்படித்தான் சுட்டார். ஒரு கை சட்டைப்பையில் இருந்த அந்தப் படம் உங்கள் தொலைபேசிக்கும் வந்திருக்கும். கையும் கண்ணும் ஒரே பக்கமாக இருப்பவர்கள் முயலலாம். கண் மாறியவர்கள் மறைப்பின்றிச் சுட்டால் இரண்டு முன்குறி தெரியும். எதை நம்புவது என்று தெரியாமல் விரல் தயங்கும். முதல் வருடம் மறைப்போடு இருங்கள்.

இடக்கையைத் தேர்ந்தவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். வலக்கைக்காரர்கள் எல்லோரும் ஒரே திசையை நோக்கி நிற்பார்கள். நீங்கள் எதிர்த்திசையை நோக்குவீர்கள். பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தபடி சுடுவது இருவருக்கும் சங்கடம். வரிசையின் கடைசி இடத்தைக் கேட்டு வாங்குங்கள். சுடும் கையில் கைக்கடிகாரமோ காப்போ இருக்கக் கூடாது என்பது விதி. கடிகாரத்தைப் பலரும் இடக்கையில் கட்டுவதால் அதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். சொந்தத் துப்பாக்கி வாங்கும் காலம் வந்தால் இடக்கைப் பிடியைத் தனியாகச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். மொரினி, ஸ்டெயர், வால்தர், பார்தினி போன்ற தயாரிப்பாளர்களிடம் அது கிடைக்கும். வந்துசேரும்வரை பொறுமை வேண்டும்.

எட்டாம் படி: முடிவைத் தொடாமல் விடுவது

கையைத் தேர்ந்த பிறகு ஆறு மாதமாவது அதை மாற்றாதீர்கள். மூன்றாவது வாரத்தில் புள்ளி இறங்கும். அப்போது மற்றக் கை திடீரென்று அழகாகத் தெரியும். பக்கத்தில் சுடுபவர், கழகத்து மூத்தவர், மச்சான், மாமா எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஒரு கொப்பியில் திகதி, கை, கண், மறைப்பு உண்டா இல்லையா, ஐந்து சூட்டின் அகலம் எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதிவாருங்கள். கருத்துச் சொல்பவரிடம் கொப்பியைக் காட்டலாம்.

ஆறு மாதத்தில் அகலம் குறையவே இல்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். தராசையும் போத்தலையும் எடுத்து இரண்டு கையையும் மறுபடி சோதியுங்கள். அதற்கு முன் கண்ணாடியின் அளவை ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கையின் தலையில் போடப்படும் பழிகளில் பாதிக்குக் காரணம் மங்கிய முன்குறி.